இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறை வாக்களிக்கப் போகிறவருக்கு

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அவற்றுள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அநுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் விழுந்தவை போக, மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குச் சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் அதிகம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அந்தச் சீட்டுகளை மீண்டும் எடுத்து, அவற்றில் இரண்டாம் அல்லது மூன்றாம் விருப்பு, அதாவது தம் முதல் தெரிவு முன்னணிக்கு வராவிட்டால் அடுத்து யார் என்று 2, 3 என இடும் இலக்கம், எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. முன்னணியில் இருந்த இருவரில் ஒருவருக்குச் சேர்க்கக்கூடிய விருப்பு இருந்த சீட்டுகள் 273,131 மட்டுமே. ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு. எஞ்சிய 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் இறுதிப் போட்டியில் எவர் பக்கமும் சேராமல் போயின. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் இருந்த இடைவெளியோ 12 இலட்சத்து 71 ஆயிரத்துச் சொச்சம்தான்.

இதை வாக்காளரின் அசட்டை என்று சொல்லிவிட முடியாது. 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்து 2019 வரை எட்டுத் தேர்தல்களிலும் யாரோ ஒருவர் பாதியைக் கடந்து முதல் எண்ணலிலேயே வென்றுவிட்டார். 1988இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதத்துடனும், 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்துடனும் மயிரிழையில் கரையேறினார்கள், ஆனாலும் கரையேறிவிட்டார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு புள்ளடியே போதுமாக இருந்த நாட்டில், சட்டத்தில் தொடக்கம் முதலே இருந்த விருப்பு வாக்கைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதில் வியப்பில்லை. பதினெட்டு வயதைக் கடந்து முதன்முறை சாவடிக்குப் போகிறவரும், நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவரும் தொடக்கம் முதல் முடிவு வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் அதிக இடத்தை வாக்குச் சீட்டே எடுத்துக்கொள்ளும்.

முதலில் இடாப்பு

வாக்குரிமை வயதோடு தானாக வந்துவிடுவதில்லை. தேருநர் இடாப்பில் பெயர் இருந்தால்தான் வரும். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அந்த வேலையில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அதிகாரி கிராம உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்னமும் விதானையார். புதிதாக வயது வந்தவர், திருமணமாகி வேறு ஊருக்குப் போனவர், வீடு மாறியவர் ஆகியோர் அவரிடம் விபரம் கொடுத்து, படிவத்தை நிரப்பி, பெயர் சேர்க்கப்பட்டதா என்பதைப் பின்னர் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆண்டின் இடையில் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்காகத் துணை இடாப்புகளும் இப்போது தயாரிக்கப்படுகின்றன.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு பரபரப்போடு கிராம உத்தியோகத்தரைத் தேடி ஓடுவார்கள். அப்போது ஓடிப் பயனில்லை. தேர்தல் அறிவிக்கப்படும்போது ஏற்கெனவே அத்தாட்சிப்படுத்தப்பட்டிருக்கும் இடாப்பே அந்தத் தேர்தலுக்குப் பயன்படும். ஆகவே தேர்தல் பேச்சே இல்லாத அமைதியான மாதங்களில்தான் இந்த வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் எந்த முகவரியில் இருக்கிறதோ அந்த முகவரிக்குரிய சாவடியில்தான் வாக்களிக்க முடியும். கொழும்பில் அறை எடுத்து வேலை பார்க்கிறவரின் பெயர் மட்டக்களப்பில் இருந்தால், அவர் மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர் அங்கிருந்தபடியே வாக்களிக்க 2024 தேர்தலில் வசதி இருக்கவில்லை. வாக்களிக்க விரும்பியவர்கள் விமானம் ஏறி வந்தார்கள்.

மலையகத்தில் இடாப்பில் பெயர் இருப்பது வெறும் நிர்வாகக் காரியமாக இருந்ததில்லை என்பதையும் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கான குடியுரிமைச் சட்டம் 2003இல்தான் வந்தது. லயத்து முகவரியில் தன் பெயரை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கும் பாட்டியைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்யாதிருக்கக் காரணம் உண்டு.

அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும்

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தபாலில் வீட்டுக்கு வருவது வாக்காளர் அட்டை. அதில் உங்கள் சாவடி, இடாப்பில் உங்கள் தொடரிலக்கம் முதலிய விபரங்கள் இருக்கும். அது கையில் இருந்தால் அலுவலர் பெயரைத் தேடும் நேரம் மிச்சமாகும். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. அது வராவிட்டாலும், தொலைந்துவிட்டாலும், இடாப்பில் பெயர் இருக்கிறவர் வாக்களிக்கலாம். வராதவர்கள் தம் பகுதித் தபாலகத்தில் விசாரித்துப் பெற்றுக்கொள்ளலாம்.

ஆளடையாளத்துக்கு வேண்டியது வேறு: தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கான அடையாள அட்டை ஆகியவற்றுள் ஒன்று. எதுவுமே இல்லாதவர் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பித்து, அந்தத் தேர்தலுக்கு மட்டும் பயன்படும் தற்காலிக அடையாள அட்டையைப் பெறலாம். பெயரும் இலக்கமும் வாசிக்க முடியாத அளவுக்கு அட்டை தேய்ந்திருந்தால், சாவடி வாசலில் வாதாடுவதைக் காட்டிலும் முன்கூட்டியே மாற்றிக்கொள்வது நல்லது.

அறிவித்தலிலிருந்து வாக்கெடுப்பு வரை

பதவியிலுள்ள ஜனாதிபதியின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேற்படாமலும் ஒரு மாதத்துக்குக் குறையாமலும் வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 2024இல் ஜூலை 26ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் வந்தது. ஓகஸ்ட் 15ஆம் திகதி ராஜகிரியவிலுள்ள தேர்தல்கள் ஆணைக்குழுவின் தலைமையகத்தில் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன. அதிலிருந்து ஐந்து கிழமைகளில் வாக்கெடுப்பு. காலம் முடியுமுன் பதவி வெறிதானால் மக்களிடம் வாக்குக் கேட்கப்படுவதில்லை, எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றமே ஒருவரைத் தெரிவு செய்யும். 2022 ஜூலை 20ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளால் அப்படித்தான் தெரிவானார்.

வேட்பாளர் பட்டியல் நீளமாக இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். 2019இல் 35 பேர். 2024இல் 39 பேரின் மனுக்கள் ஏற்கப்பட்டு, ஒருவர் இடையில் காலமாகிவிட, அவருடைய பெயர் சீட்டில் அப்படியே இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் 50,000 ரூபாவும், சுயேச்சை வேட்பாளர் 75,000 ரூபாவும் கட்டுப்பணமாகச் செலுத்த வேண்டும். 1981ஆம் ஆண்டின் சட்டம் நிர்ணயித்த இந்தத் தொகை அன்று பெரிய பணம். இன்று நல்ல கைத்தொலைபேசி ஒன்றுக்கும் காணாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சாவடிகளிலும் எண்ணும் நிலையங்களிலும் முகவர்களை அமர்த்தும் உரிமையும், அரச ஊடகங்களில் நேரமும் கிடைப்பதால், தாம் வெல்வதற்காகவன்றி வேறொருவருக்குத் துணையாக நிற்கும் "டம்மி" வேட்பாளர்களும் பட்டியலில் இருப்பார்கள். செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைப் பெறாதவர் கட்டுப்பணத்தை இழப்பார்.

செலவுக்கும் இப்போது வரம்பு உண்டு. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. இடாப்பில் இருந்த 17,140,354 பேருக்கும் கணக்கிட்டால் ஒரு வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சத்தொகை ஏறத்தாழ 187 கோடி ரூபா. வரம்பு என்ற சொல்லுக்கு இது பெருந்தன்மையான விளக்கம் என்பது என் எண்ணம். ஆனாலும் முடிவு வந்து 21 நாட்களுக்குள் ஒவ்வொருவரும் செலவுக் கணக்கை ஒப்படைத்தாக வேண்டும் என்பது முன்னர் இல்லாத ஒன்று.

விடுமுறை கேட்டல்

வேலை பார்க்கும் இடத்திலிருந்து சாவடி தொலைவில் இருந்தால், சம்பளம் வெட்டப்படாத, சொந்த விடுமுறையில் கழிக்கப்படாத விடுமுறை தனியார் துறை ஊழியருக்கும் உரியது. தேர்தல்கள் ஆணைக்குழு 2024இல் அறிவித்தபடி, 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "பார்ப்போம்" என்ற விடை வரும். எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு அந்த விடையைச் சொல்வது கொஞ்சம் கடினம்.

தேர்தல் கடமையில் ஈடுபடும் அரச ஊழியர், பொலிசார், முப்படையினர் முதலியோர் தபால் மூலம் முன்கூட்டியே வாக்களிப்பார்கள். 2024இல் அவ்வாறு தகுதி பெற்றோர் ஏழு இலட்சத்துக்கும் அதிகம். அதற்கான விண்ணப்ப இறுதித் திகதி வர்த்தமானி அறிவித்தலைத் தொடர்ந்து விரைவாகவே வந்துவிடும்.

சாவடிக்குள்

2024இல் வாக்களிப்பு காலை 7 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை நடந்தது. 2019இல் 5 மணி வரை நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு ஆறுதலாகப் போவது ஆபத்து. அந்தந்தத் தேர்தலின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியைச் சாவடிக்குள் பயன்படுத்த முடியாது, சீட்டைப் படம் எடுப்பது குற்றம். கட்சிச் சின்னமோ வேட்பாளர் படமோ உள்ள சட்டை, தொப்பி எதையும் அணிந்து போகாதீர்கள்.

உள்ளே போனதும் ஓர் அலுவலர் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து, இடாப்பிலுள்ள இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார். முதன்முறை போகிறவருக்கு இது கூச்சமாக இருக்கும். வேட்பாளர்களின் முகவர்கள் கேட்டு, ஆள்மாறாட்டம் என்று சந்தேகம் இருந்தால் ஆட்சேபிப்பதற்காகவே அப்படி வாசிக்கிறார்கள். பிறகு இடது கைச் சின்னவிரலில் மை பூசுவார்கள். முன்னைய தேர்தலின் மை அழியாதிருந்தால் வேறு விரலைச் சொல்வார்கள். அடுத்தவர் வாக்குச் சீட்டைத் தருவார். சீட்டின் பின்புறத்தில் உத்தியோகபூர்வ அடையாளம் இடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அது இல்லாத சீட்டு எண்ணப்படாது.

உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டுப் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. சிரேட்ட தலைமைதாங்கும் அலுவலரிடம் முறையிட்டு, நீங்களே உரியவர் என்று உறுதியுரை கொடுத்தால், தனியான சீட்டில் உங்கள் வாக்கைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. பார்வைக் குறைபாடு அல்லது உடல் இயலாமை உள்ளவர் நம்பிக்கையான ஒருவரை உதவிக்கு அழைத்துப் போகலாம். அதற்கான தகைமைச் சான்றிதழை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது சுலபம்.

வாக்குச் சீட்டு

2024இன் சீட்டு ஏறத்தாழ 27 அங்குலம் நீளம். வேட்பாளர் பெயர்கள் சிங்கள அகரவரிசையில், மும்மொழியிலும் அச்சிடப்பட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சின்னமும் ஒரு வெறுமையான கட்டமும் இருக்கும். தமிழ் அகரவரிசையை மனதில் வைத்துக்கொண்டு பெயரைத் தேடினால் கிடைக்காது. சின்னத்தைத் தேடுவதே விரைவு. திசைகாட்டி, தொலைபேசி, எரிவாயுச் சிலிண்டர், மொட்டு, சங்கு என்று 2024இல் மக்கள் பேசிக்கொண்டதும் சின்னங்களால்தான். நாற்பது வரிகளுக்குக் கிட்டிய பட்டியலில் ஒரு வரி தவறிப் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிடுவது மிகச் சுலபம். சின்னத்தின் மேல் இடது கை விரலை வைத்து, கோட்டைக் கட்டம் வரை பின்தொடர்ந்து பிறகு எழுதுங்கள்.

எழுத வேண்டிய முறை இது. நீங்கள் மிக விரும்பும் வேட்பாளரின் கட்டத்தில் 1 என்று எழுதுங்கள். எண்ணும்போது அவர் முதல் இருவருக்குள் வராமல் நீக்கப்பட்டால் யார் வருவதை விரும்புவீர்களோ அவருக்கு 2. அவரும் நீக்கப்பட்டால் யாரோ அவருக்கு 3. அத்தோடு நிறுத்திவிட வேண்டும். 1 மட்டும் எழுதினாலும் வாக்கு செல்லும். 1, 2 எழுதினாலும் செல்லும். 1க்குப் பதிலாக ஒரேயொரு புள்ளடி இட்டாலும் அது முதலாம் வாக்காக எண்ணப்படும், ஆனால் அந்தச் சீட்டில் விருப்பு எதுவும் எழுத முடியாது.

இந்தக் கடைசி வரியில் சறுக்கி நிராகரிக்கப்படும் சீட்டுகளும் உண்டு. பழைய பழக்கத்தில் ஒருவருக்குப் புள்ளடி இட்டுவிட்டு, புதிதாகக் கேள்விப்பட்டதற்காக மற்றவருக்கு 2 எழுதுகிறவரின் சீட்டு கழிந்துவிடும். ஒன்றில் புள்ளடி, அல்லது இலக்கங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. இருவருக்குப் புள்ளடி இட்டாலும், இருவருக்கு 1 எழுதினாலும், 1 இல்லாமல் 2ஓ 3ஓ மட்டும் எழுதினாலும், மூன்றுக்கு மேல் 4, 5 என்று தொடர்ந்தாலும், பெயர், கையொப்பம், வசைமொழி, படம் என்று எதையேனும் சேர்த்தாலும் அதே கதிதான். 2024இல் நிராகரிக்கப்பட்டவை 300,300. எழுதும்போதே பிழைத்துவிட்டது தெரிந்தால் வெட்டித் திருத்தாமல், பெட்டியிலும் போடாமல், சீட்டைத் தலைமைதாங்கும் அலுவலரிடம் ஒப்படைத்து வேறு சீட்டுக் கேட்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு பிழையான சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வராதீர்கள்.

2 எழுதினால் 1இன் வலு குறைந்துவிடுமோ என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. குறையாது. உங்கள் 1ஐப் பெற்றவர் முதல் இருவருள் ஒருவராக இருந்தால், உங்கள் சீட்டில் எழுதிய 2ஐ யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. அவர் மூன்றாம் இடத்திலோ அதற்குக் கீழோ இருந்தால்தான் பார்ப்பார்கள்; அப்போது அது அரை வாக்காகவோ கால் வாக்காகவோ அல்லாமல் முழு வாக்காகவே சேரும்.

நூறு சீட்டுகளை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அ என்பவருக்கு 44, ஆவுக்கு 36, இக்கு 14, ஈக்கு 6. பாதியைத் தாண்டியவர் எவரும் இல்லை. ஆகவே இயும் ஈயும் நீக்கப்படுவர். இயின் 14 சீட்டுகளில் 10 பேர் ஆவுக்கும் ஒருவர் அவுக்கும் 2 எழுதியிருக்க, மூன்று பேர் எதுவும் எழுதவில்லை. ஈயின் 6 பேரும் இக்கு 2, ஆவுக்கு 3 என்று எழுதியிருந்தார்கள். அவர்களின் இரண்டாம் விருப்புக்குரியவர் போட்டியில் இல்லை என்பதால் மூன்றாம் விருப்புப் பார்க்கப்பட்டு, ஆறும் ஆவைச் சேரும். இப்போது அவுக்கு 45, ஆவுக்கு 52. முதல் எண்ணலில் எட்டு வாக்குகள் பின்னால் நின்றவர் வென்றுவிட்டார். அந்த மூன்று பேரின் சீட்டுகள் மேசையில் ஒதுங்கிக் கிடக்கும்.

"எங்கள் ஆளுக்கு மட்டும் போடுங்கள், வேறொன்றும் எழுத வேண்டாம்" என்று கட்சிக்காரர் வீடு வீடாகச் சொல்லிப் போவது அவருடைய நலனுக்கு. அதைக் கேட்பதா விடுவதா என்பது உங்கள் நலனைப் பொறுத்தது. 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பாக்கியசெல்வம் அரியநேத்திரனுக்கு 226,343 வாக்குகள் கிடைத்தன. அவருக்கு 1 இட்டவர், தென்னிலங்கையின் எந்தப் பெரிய வேட்பாளருக்கும் தன் பெயரால் ஒரு வாக்குக்கூடச் சேரக் கூடாது என்று கருதி 2ஐ வெறுமையாக விட்டிருந்தால் அது அரசியல் நிலைப்பாடு, மதிக்கலாம். 2 என்று ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டிருந்தால், அது எவரும் எடுக்காத நிலைப்பாடு.

எண்ணலைப் பின்தொடர்தல்

தபால் மூல வாக்குகளின் முடிவுகளே முதலில் வரத் தொடங்கும். அவை பெரும்பாலும் அரச ஊழியரின் வாக்குகள் என்பதால், அவற்றின் வீதத்தைக் கொண்டு நாட்டின் போக்கைக் கணிப்பது சரிவராது. பிறகு 160 தேர்தல் தொகுதிகளின் முடிவுகளும், அவற்றைத் தொகுத்த 22 தேர்தல் மாவட்டங்களின் முடிவுகளும் வரும். பாராளுமன்றத் தேர்தலைப் போல மாவட்டத்துக்கு இத்தனை ஆசனம் என்ற கணக்கு இங்கே இல்லை. முழு நாடும் ஒரே தொகுதி. ஆகவே பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: முன்னணியில் இருப்பவரின் மொத்தம் செல்லுபடியான வாக்குகளின் பாதியைத் தாண்டுகிறதா என்பது.

தாண்டாவிட்டால் மக்கள் மீண்டும் சாவடிக்குப் போக வேண்டியதில்லை. அயலிலுள்ள மாலைதீவில், பல கட்சிகள் போட்டியிட்ட முதலாவது ஜனாதிபதித் தேர்தலில், 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி எவருக்கும் பாதி கிடைக்காததால் அதே மாதம் 28ஆம் திகதி இரண்டாவது முறை வாக்கெடுப்பு நடந்தது. முதல் முறை பின்னால் நின்ற முகமது நஷீத் அதில் வென்றார். இலங்கையில் அந்த இரண்டாவது வாக்கெடுப்பை நீங்கள் முதல் நாளே சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

2024இல் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளையும், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளையும் முதல் எண்ணலில் பெற்றிருந்தார்கள். விருப்பு வாக்குகளாக முன்னவருக்கு 105,264உம் பின்னவருக்கு 167,867உம் சேர்ந்து, 22ஆம் திகதி மாலை 5,740,179க்கு 4,530,902 என்று முடிவு அறிவிக்கப்பட்டது. மறுநாள் பதவியேற்பு. வென்றவரின் இறுதித் தொகை, செல்லுபடியான வாக்குகளின் பாதியை அப்போதும் எட்டவில்லை என்பதைக் கண்டு அன்று பலர் குழம்பினார்கள். குழம்ப வேண்டியதில்லை: இரண்டாம் எண்ணலில் பாதி என்ற நிபந்தனை கிடையாது, இருவரில் கூடுதலாகப் பெற்றவர் வென்றவர். இருவரும் சமமாக வந்தால் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த நிலை இதுவரை வந்ததில்லை.